படிவத்தில் நான் எழுதிய பொய்

மாலைக்கண் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட் பகல் வெளிச்சத்தில் தெரியுமா என்ற கேள்விக்குத் 'தெரியும்' என்று எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-இல் இருக்கும் கேள்விகள் இவை. அப்போது எனக்கு 64 வயது. திருப்பத்தூர் பஸ்ஸின் போர்டு, வண்டி எதிரே வந்து நின்ற பிறகுதான் எனக்குத் தெரியும். 'நமக்கு இருப்பது கண்புரைதானே, மாலைக்கண் இல்லையே' என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டேன். நம்பர் பிளேட் கேள்விக்கு அந்தச் சமாதானமும் இல்லை. அது முழுப் பொய்.

55 வயது கடந்தவர்கள் 5 ஆண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். 40 தாண்டியவர்கள் படிவம் 1-ஏ என்ற மருத்துவச் சான்றும் வைக்க வேண்டும். நான் போன இடத்தில் மருத்துவர் என் முகத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்க்கவில்லை. சுவரில் எழுத்துப் பலகை தொங்கியது. அதன் கீழ் வரிகள் எனக்கு எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தன. எங்கே வாசிக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, அந்த வருஷத்து மழையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். பிரிட்டனில் வாகனச் சோதனைக்கு வருகிறவரை வண்டியில் ஏறும் முன்பே 20 மீட்டரில் நிற்கும் ஒரு காரின் எண்ணை வாசிக்கச் சொல்கிறார்கள். வாசிக்காவிட்டால் சோதனை அங்கேயே முடிந்தது. நம் ஊரில் புதுப்பிக்க வருகிறவர்களுக்கு அப்படி ஒன்று வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் அதைக் காட்டி நான் தப்பிக்க முடியாது. கேள்வியை என்னிடம்தான் கேட்டார்கள். பதில் எனக்குத்தான் தெரியும்.

ஏன் பொய் சொன்னேன்? கீழச்சிவல்பட்டியில் எங்கள் தெருவில் பெரிய பெரிய வீடுகள். உள்ளே ஒருவரோ இருவரோ, அதுவும் வயதானவர்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ராத்திரி யாருக்காவது நெஞ்சு வலித்தால் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. இருந்தாலும் முதலில் என்னைக் கூப்பிடுவதில் எனக்குப் பெருமை. சாவியைக் கீழே வைத்துவிட்டால் நான் அந்தத் தெருவில் யாருக்கு வேண்டும் என்ற பயம். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை 1976-லிருந்து இருக்கிறது. போகத் தெரியாமல் இல்லை. போனால் 'வண்டி ஓட்டாதீர்கள்' என்று சொல்லிவிடுவார்களே என்றுதான் போகவில்லை.

இரவில் ஓட்ட ஒரு வழி வைத்திருந்தேன். எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் பட்டால் புரை விழுந்த கண்ணுக்கு ரோடே மறைந்து, எல்லாம் வெள்ளையாகிவிடும். அப்போது ரோட்டின் இடது ஓரத்து வெள்ளைக் கோடு மட்டும் கொஞ்சம் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு, வேகத்தைக் குறைக்காமல் இடப்பக்கமாக ஒதுங்கிப் போய்விடுவேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். அந்தக் கோட்டின் மேல்தான் மனிதர்கள் நடக்கிறார்கள் என்பதை யோசிக்கவே இல்லை.

தை மாதத்தில் புதுக்கோட்டைப் பக்கமிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் எங்கள் ரோட்டு வழியாகவும் வருவார்கள். வெயில் ஏறும் முன்பே நடையை முடிக்க வேண்டும் என்று விடியலுக்கு முன் கிளம்பிவிடுவார்கள். அப்படி ஒரு விடியற்காலை, திருப்பத்தூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே லாரி. நான் கோட்டைப் பிடித்தேன். 'டப்' என்று சத்தம். இடது கண்ணாடி மடங்கிக் கதவில் அடித்தது.

நிறுத்தி இறங்கினேன். மஞ்சள் சேலை கட்டிய ஓர் அம்மா மண்ணில் உட்கார்ந்திருந்தார். தோள்பையின் வார் அறுந்து, விபூதிப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் சிதறிக் கிடந்தன. முழங்கை உரிந்து ரத்தம். ஓர் அடி உள்ளே தள்ளி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன். கூட வந்தவர்கள் கோபப்பட்டார்கள். நான் வாய் கூசாமல், "லாரிக்காரன் ஹைபீம் போட்டுட்டு வர்றான், என்ன செய்யச் சொல்றீங்க" என்றேன். அந்த லாரிக்காரர் டிம் செய்திருந்தார். எனக்கு அது தெரியும். அந்த அம்மா எழுந்து, "பாத்துப் போங்கய்யா" என்று மட்டும் சொன்னார். மருத்துவமனைக்கு அழைத்தேன், வரவில்லை, நடையை விட மாட்டேன் என்றார். எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை. கேட்டால் என்னையும் கேட்பார்களே.

தெருவிலும் அதே லாரிக் கதையைத்தான் சொன்னேன். எல்லோரும் லாரிக்காரர்களைத் திட்டினார்கள். நான் தலையாட்டினேன்.

உடல் தகுதியில்லாமல் வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 186-இல் முதல் முறைக்கு 1,000 ரூபாய் வரை அபராதம். பொய் சொல்லி வாங்கிய உரிமத்தை ரத்து செய்யப் பிரிவு 19 இடம் கொடுக்கிறது. நான் செய்தது இரண்டும். யாரும் என்னைப் பிடிக்கவில்லை.

இப்போது ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்திருக்கிறது, இன்னொன்று பாக்கி. சாவி மருமகளிடம். கட்டுப் பிரித்த வாரம் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் லாரிக்காரர் மேல் தப்பில்லை என்றேன். ஆச்சி கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அப்ப, போன ஐப்பசியில மூச்சு முட்டுதுன்னு ராத்திரி என்னையக் கூட்டிட்டுப் போனீகளே, அன்னைக்கும் ரோடு தெரியலையா?" என்று கேட்டார்.

"தெரியலை ஆச்சி" என்றேன்.