சைக்கிள் விளையாட்டும் நான் சொல்லாத கதையும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு தாய், லயத்துக் காம்பராவில் இருந்துகொண்டு கணனியில் சைக்கிள் விளையாட்டு விளையாடினேன் என்றால் யாரும் சிரிப்பார்கள். எங்கள் அத்தையும் சிரித்தார். ஆனால் பதினொரு வருடமாக நான் வாய் திறக்காத ஒரு விடயத்தை என் மகனிடம் சொல்ல வைத்தது அந்த விளையாட்டுத்தான். அதனால் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தா பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்தவர். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கிளிநொச்சிக்குப் போனார். அப்பாவின் தங்கை மட்டும் இங்கே கலியாணம் முடித்திருந்ததால் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். நான் கிளிநொச்சியில்தான் பிறந்தேன், படித்தேன், கலியாணமும் முடித்தேன். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலைத் தாண்டி வந்தபோது என் கையில் இருந்தது மூன்று வயது மகன் மட்டும். மெனிக் பாம் முகாமிலிருந்து 2010 இல் வெளியே விட்டார்கள். போக இடம் இல்லை. கடிதத்தில் மட்டும் அறிந்திருந்த அத்தையைத் தேடிப் பதுளைக்கு வந்தேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, "இது ஒன் வீடு" என்றார்.

வன்னியில் சைக்கிள் இல்லாத வீடு இல்லை. தட்டையான பூமி. பாடசாலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பெண்கள் சைக்கிளில்தான் போவோம். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் நோயாளியையும் விறகையும் நெல் மூட்டையையும் சுமந்தது சைக்கிள்தான். இங்கே தோட்டத்தில் எல்லாம் நடை. படிக்கட்டும் குறுக்குப் பாதையும் ஏறி இறங்கியே கால் பழகிவிடும். நான் வந்து பத்து வருடம் ஒரு சைக்கிளைத் தொடவில்லை. அதற்கு இந்த மேடு மட்டும் காரணம் இல்லை.

2020 மார்ச் மாதம் கொவிட்டுக்காக ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். தோட்ட வேலை நிற்கவில்லை, பாடசாலை நின்றுவிட்டது. மகனுக்கு அப்போது பதினாலு வயது. கொழும்பில் கணனிக் கடையொன்றில் வேலை செய்த அத்தையின் பேரன், ஊருக்கு வரும்போது ஒரு பழைய மடிக்கணனியைக் கொண்டு வந்திருந்தான். அதை மகனிடம் கொடுத்தான். மகன் படிக்கிறான் என்று நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு நாள் மலையிலிருந்து வந்து பார்த்தால், திரையில் கூட்டமாகச் சைக்கிள்கள் ஒரு மலையில் ஏறிக்கொண்டிருக்கின்றன!

நல்ல ஏச்சு கொடுத்தேன். பிறகு, என்னதான் அது என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

'ப்ரோ சைக்கிளிங் மனேஜர்' என்பது அதன் பெயர். பிரான்ஸ் நாட்டில் சியனைட் என்ற கம்பனி 2001 இல் தொடங்கிய விளையாட்டு. வருடா வருடம் புதிது வெளியாகும். மகனிடம் இருந்தது பழைய பதிப்பு. இதில் நாம் சைக்கிள் ஓடுவதில்லை. ஒரு குழுவை நடத்த வேண்டும். யாரைச் சேர்ப்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் எந்தப் போட்டிக்குப் போவது, யாருக்கு ஓய்வு, பணம் தரும் கம்பனி கேட்கும் வெற்றிகளை எப்படிக் கொடுப்பது, எல்லாம் நம் பொறுப்பு. ஒரு வருடம் முடிந்தால் அடுத்த வருடம். இளம் பிள்ளைகள் வளருவார்கள், வயதானவர்கள் விலகுவார்கள். ஒவ்வொரு வீரருக்கும் சமதரை, மேடு, மலை, இறக்கம், கடைசி ஓட்டம் என்று தனித்தனியாகப் புள்ளி உண்டு.

சகோதரிகளே, பெரட்டுக்களத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் நாம் வரிசையில் நிற்போம். யார் எந்த மலைக்கு என்று வேறொருவர் சொல்வார். நிறுவை குறைந்தால் அரைப்பேர் என்று வேறொருவர் எழுதுவார். என் பாட்டியின் பெயரையும் அத்தையின் பெயரையும் என் பெயரையும் எப்போதும் மற்றவர்கள்தான் வாசித்தார்கள். முகாமிலும் அப்படித்தான். அன்று மகன், "அம்மா, நாளைக்கு ரேஸுக்கு எட்டுப் பேர் போடணும். நீங்க சொல்லுங்க" என்றான். முதன்முதலாக நான் பெயர் வாசித்தேன். அது விளையாட்டுத்தான் என்று தெரியும். ஆனாலும் அந்த இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்த எட்டுப் பேரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் வேலை முடிந்து வந்து, சமைத்து வைத்துவிட்டு, ஒரு மணித்தியாலம் இரண்டு பேரும் உட்காருவோம். எல்லாம் ஆங்கிலம். மகன் வாசித்துச் சொல்வான். தெரியாத சொல்லை நான் அப்பியாசக் கொப்பியில் எழுதிக்கொள்வேன். அந்தக் கொப்பி இப்போதும் இருக்கிறது.

தூர் டி பிரான்ஸ் என்ற போட்டியை அப்போதுதான் அறிந்தேன். 1903 இல் தொடங்கியது. மூன்று கிழமை, 21 கட்டங்கள், கிட்டத்தட்ட 3,400 கிலோ மீற்றர். நடுவில் ஓய்வு இரண்டே நாள். மலைகளில் தூர்மலே என்று ஒன்று. அதன் உயரம் 2,115 மீற்றர். நம் நமுனுகுல மலை 2,036 மீற்றர் என்று மகன் சொன்னான். ஒவ்வொரு நாளும் அண்ணாந்து பார்க்கிற மலையை விட இன்னும் கொஞ்சம் உயரத்துக்குச் சைக்கிளில் ஏறுகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். எட்டுப் பேர் போனாலும் வெல்லப் பார்ப்பது ஒருவர்தான். மற்றவர்கள் அவருக்காக உழைப்பவர்கள். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார். பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சம். அதனால் இவர்கள் மாறி மாறி முன்னால் நின்று தலைவரை மறைத்துக் கூட்டிப் போவார்கள். வெயிலில் பின்னால் வரும் காருக்குப் போய், தண்ணீர்ப் போத்தல்களைச் சட்டைக்குள் நிறைத்துக்கொண்டு, மீண்டும் முன்னுக்கு ஓடி எல்லோருக்கும் கொடுப்பார்கள். மலை தொடங்கும்போது களைத்துப் பின்தங்கிவிடுவார்கள். அவர்கள் பெயர் பேப்பரில் வராது. ஆனால் வென்றவர் பரிசுப் பணத்தைக் குழுவோடு பகிர்ந்துகொள்வது வழக்கமாம். அது எனக்குப் பிடித்தது.

எங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தார். முப்பத்தாறு வயது. மலையும் வராது, கடைசி ஓட்டமும் வராது. தண்ணீர் எடுப்பார், காற்றில் நிற்பார், அவ்வளவுதான். வருடக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. அந்தச் சம்பளத்துக்கு ஒரு இளைஞனை எடுக்கலாம் என்றான் மகன். நான் முடியாது என்றேன். அவன் கணக்குக் காட்டினான். கணக்குச் சரிதான். நான் விடவில்லை. இரண்டு நாள் சண்டை.

"ஏம்மா இந்த ஆள மட்டும் விடமாட்டேங்கிறீங்க?" என்று கேட்டான்.

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து சொன்னேன்.

"அப்பா தண்ணி எடுக்கத்தான் போனாரு."

அதுவரை அவனுக்குத் தெரிந்தது, அப்பா சண்டையில் செத்துவிட்டார் என்பது மட்டும். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கேட்டிருக்கிறான். பிறகு சொல்கிறேன் என்பேன். கேட்கக் கூடாது என்று அவனே பழகிவிட்டான். அன்று எல்லாவற்றையும் சொன்னேன். கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது எங்களிடம் ஒரு லுமாலா சைக்கிள் இருந்தது. பின் கரியரில் அரிசி மூட்டை, அதற்கு மேல் தறப்பாள், ஹாண்டிலில் கேத்திலும் சட்டியும், முன் பாரில் சின்ன இருக்கை கட்டி அதில் நீ. அப்பா ஓடவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார். தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சாமான் குறைந்தது. நீ மட்டும் அதே இருக்கையில் இருந்தாய். மாத்தளனில் ஒரு காலையில் இரண்டு கானைக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போனார். செல் விழுந்தது. பக்கத்துக் கொட்டில்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து தந்தார். ஒரு கானில் தண்ணீர் இருந்தது. அதைத்தான் அன்று உனக்குக் குடிக்கத் தந்தேன்.

அந்தச் சைக்கிளை முள்ளிவாய்க்கால் வரை தள்ளி வந்தேன். அங்கே ஆயிரக்கணக்கான சைக்கிள்களோடு அதையும் விட்டுவிட்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மகன் ஒன்றும் பேசவில்லை. அத்தை மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் நான் இதைச் சொன்னதில்லை. கொஞ்ச நேரத்தில் மகன் கணனியைத் திறந்து, அந்த முப்பத்தாறு வயதுக்காரருக்கு இன்னொரு வருட ஒப்பந்தம் எழுதினான். பிறகு வெளியே போய் இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுதான். நான் தடுக்கவில்லை. அவன் அழ வேண்டிய அழுகை அது. பதினொரு வருடமாக நான்தான் அதைப் பூட்டி வைத்திருந்தேன்.

அடுத்த வருடம் எங்கள் குழு பெரிதாக எதையும் வெல்லவில்லை. பணம் தரும் கம்பனிக்குத் திருப்தி இல்லை. மனேஜர் வேலை போய்விட்டது! அத்தைதான், "இதுலயும் வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்களா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாவது முறை சின்னக் குழுவொன்றை எடுத்தோம். முதல் முறை எல்லாப் போட்டிக்கும் எல்லோரையும் அனுப்பிக் களைக்க வைத்தது பிழை என்று தெரிந்துகொண்டோம். வருடத்தில் எந்த மாதம் பலம் வேண்டும் என்று முன்னமே குறித்துவிட்டு, மற்ற நேரத்தில் ஓய்வு கொடுக்க வேண்டும். அதைக் கற்ற பிறகுதான் நான் சீட்டுக் காசையும் கடைக் கடனையும் கொப்பியில் மாதம் மாதமாகப் பிரித்து எழுதத் தொடங்கினேன். தைப்பொங்கலுக்கு எவ்வளவு, பாடசாலை தொடங்கும்போது எவ்வளவு, மழைக் காலத்தில் கூரைக்கு எவ்வளவு என்று. கடன் தீர்ந்துவிடவில்லை. ஆனால் எந்த மாதம் மூச்சு முட்டும் என்பது முன்பே தெரிகிறது.

அந்தப் பழைய விளையாட்டில் பெண்கள் இல்லை. ஆனால் உலகத்தில் இருக்கிறார்கள். ஆப்கானிஸ்தானில் சைக்கிள் ஓடியதற்காகக் கல்லெறி வாங்கி, பிரான்ஸுக்கு அகதியாகப் போன மசூமா அலி சாதா என்ற பெண், 2021 இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணிக்காகச் சைக்கிள் ஓடினார். முப்பது வருடம் போர் நடந்த எரித்திரியாவிலிருந்து வந்த பினியம் கிர்மாய், 2024 இல் தூர் டி பிரான்ஸில் பச்சைச் சட்டையை வென்றார். பெண்களுக்கான தூர் டி பிரான்ஸ் போட்டியும் 2022 இலிருந்து வருடா வருடம் நடக்கிறது. இவற்றையெல்லாம் மகன்தான் போனில் தேடி வாசித்துக் காட்டினான்.

2022 இல் நாட்டில் எரிபொருள் இல்லாமல் போனது. பஸ் ஓடவில்லை. மகன் டவுனுக்கு வகுப்புக்குப் போக ஒரு பழைய சைக்கிளைத் தேடிப் பிடித்து வாங்கினான். போகும்போது இறக்கம், வரும்போது பாதித் தூரம் தள்ளிக்கொண்டு வருவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மைதானத்தில் அதை நிறுத்தி, "அம்மா, ஓடிக் காட்டுங்க" என்றான். முடியாது என்றேன். அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றான். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு ஏறினேன். இரண்டு சுற்று ஓடினேன். கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுகிற என்னைப் பார்க்க லயத்துப் பெண்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். ஒருத்தி தன் மகளுக்குச் சொல்லித் தர முடியுமா என்று கேட்டாள். இப்போது நான்கு பிள்ளைகளுக்கு மாலையில் பழக்குகிறேன்.

மகன் இப்போது கொழும்பில் வேலை செய்கிறான். அந்தப் பழைய மடிக்கணனி என்னிடம்தான் இருக்கிறது. மின்சாரம் இருக்கும் இரவுகளில் குழுவைக் கொஞ்சம் பார்ப்பேன். அவன் வந்தால் முதலில் கேட்பது, "அந்த வயசான ஆளு இருக்காரா?" என்றுதான். அவர் முப்பத்தெட்டு வயதில் விலகிவிட்டார். அதையும் அவனிடம் சொல்லிவிட்டேன்.

சகோதரிகளே, நீங்களும் இந்த விளையாட்டை விளையாட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம்மில் பலர் பிள்ளைகளிடம் சொல்லாத கதையொன்றை வைத்திருக்கிறோம். அவர்களைக் காப்பாற்றுகிறோம் என்று நினைக்கிறோம். அவர்களோ, அம்மாவைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்துக் கேட்காமல் இருக்கிறார்கள். பிள்ளை எதில் மனம் வைத்திருக்கிறதோ, அதன் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் போய் உட்காருங்கள். பேச்சு எங்கே தொடங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் அது ஒரு தண்ணீர்ப் போத்தலில் தொடங்கியது.