அடியில்லாத அண்டாவும் ஆகாய விமானமும்

என் பேரன் கல்லூரிப் போட்டிக்காக இரண்டு மாதம் பாடுபட்டு ஒரு குட்டி விமானம் செய்தான். மொட்டை மாடியிலிருந்து ஜோராகத்தான் கிளம்பியது. அரை நிமிஷம்! அடுத்த வீட்டு முருங்கை மரத்தில் மோதித் தொங்கிவிட்டது. அன்றிலிருந்து பையன் சரியாகச் சாப்பிடவில்லை.

"விமானம் என்றால் விழத்தானே செய்யும்" என்று அவன் தாத்தா சமாதானம் சொன்னார். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவன் மேஜையில் கிடந்த புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினேன். அதில் எக்ஸ்-22ஏ என்ற அமெரிக்க விமானத்தின் கதை இருந்தது.

ஓடுபாதை இல்லாமல் நின்ற இடத்திலிருந்தே நேராக எழும்ப வேண்டும். எழும்பிய பிறகு சாதாரண விமானம் போல் விரைய வேண்டும். இதற்காக அமெரிக்கக் கடற்படைக்குப் பெல் கம்பெனியார் செய்து கொடுத்தது அது. அடியில்லாத அண்டாவுக்குள் மின்சார விசிறியைப் பொருத்தினால் எப்படி இருக்கும்? அப்படி முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அண்டாக்கள் வானம் பார்த்து நின்றால் காற்று கீழே பாயும், விமானம் மேலே எழும்பும். மெல்ல மெல்ல முன்பக்கம் சாய்த்தால் முன்னே பறக்கும். நாலு எஞ்சின்களையும் தண்டுகளால் இணைத்திருந்தார்கள். ஒன்று படுத்துக்கொண்டாலும் மற்றவை நாலு விசிறிகளையும் சுழற்றும். நல்ல கூட்டுக் குடித்தனம் மாதிரி!

1966 மார்ச் 17-ந் தேதி முதல் விமானம் பறந்தது. ஆகஸ்டு 8-ந் தேதி கோளாறு ஏற்பட்டுத் தரையில் மோதி நொறுங்கியது. ஐந்து மாதம்கூட நிறையவில்லை. நல்லவேளை, விமானிகள் பிழைத்தார்கள்.

உடைந்ததை அவர்கள் வீசியெறியவில்லை. அதன் உடம்பை, விமானிகள் தரையிலேயே பழகிக்கொள்ளும் சாதனமாக்கினார்கள். 1967 ஜனவரியில் இரண்டாவது விமானம் கிளம்பியது. 1968 ஜூலையில் 8,000 அடி உயரத்தில், நகராமல் அந்தரத்திலேயே நின்று காட்டியது. கடற்படை கேட்ட வேகம் மணிக்கு 525 கிலோமீட்டர். அதை அது கடைசிவரை எட்டவே இல்லை. அந்த ரகத்தில் மூன்றாவது விமானம் பிறக்கவும் இல்லை. ஆனாலும் என்ன? வேறு விமானங்களின் குணத்தை அப்படியே நடித்துக் காட்டி, 1980-களிலும் அது விமானிகளுக்கு வாத்தியாராக இருந்தது.

ராத்திரி மோர்சாதம் பிசைந்துகொண்டே இதையெல்லாம் சொன்னேன்.

"தெரியும் பாட்டி, என் புத்தகம்தானே?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் தட்டு காலியாகிவிட்டது.

மறுநாள் காலை, கொல்லையில் இருந்த தொரட்டியைக் காணோம். அடுத்த வீட்டு முருங்கை மரத்தடியிலிருந்து அவன் குரல் கேட்டது:

"கிளையை ஒடிக்கமாட்டேன் மாமி! உடம்பு மட்டும் கிடைத்தால் போதும்!"