கமிஷன் எவ்வளவு, அண்ணாச்சி?

தூத்துக்குடியில் வீட்டுக்கடன் ஏஜென்டாக இருப்பவனிடம் ஆட்கள் முதலில் கேட்பது வட்டியைப் பற்றி அல்ல. "கமிஷன் எவ்வளவு, அண்ணாச்சி?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முந்தி, ஏஜென்டே வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். துறைமுகத்தில் நிரந்தர வேலை, சம்பளம் மாதாமாதம் பேங்கில் விழுகிறது, வாங்குவது டிடிசிபி அங்கீகார மனை, பட்டாவும் விற்பவர் பெயரிலேயே இருக்கிறது. இப்படி ஒருவர் வந்தால், சம்பளம் விழும் பேங்குக்கே நேரே போகச் சொல்லி அனுப்பிவிடுவேன். 1921-இல் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் தலைமையகமே இந்த ஊரில்தான். பேங்க் படி ஏற இங்கே யாருக்கும் துணை வேண்டியதில்லை.

"குறைஞ்ச வட்டிக்கு முடிச்சுத் தாரேன்" என்று கட்டணம் கேட்பவரிடம் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 25 லட்சம், 20 வருஷம், 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 21,700 ரூபாய். 8.75 என்றால் 22,100. கால் சதவீதத்துக்கு மாதம் 400 ரூபாய் வித்தியாசம். ஒரு சதவீதக் கமிஷன் 25,000 ரூபாய். அது திரும்பக் கைக்கு வர ஐந்து வருஷம் தாண்டிவிடும். அதே 25,000-ஐ ஆரம்பத்திலேயே அசலில் கட்டினால் கடைசியில் ஆறு தவணை குறையும். எங்கள் தொழிலில் இதை எடுத்துச் சொல்பவர் குறைவு. மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் பேங்க் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. வட்டி கூடுதலாகப் பட்டால் பிறகு வேறு பேங்குக்கு மாறிக்கொள்ளலாம். பத்திர ஒப்படைப்பைப் பதிவு செய்யும் செலவு மறுபடியும் வரும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆக, வட்டிக்காக மட்டும் ஏஜென்டுக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எனக்கு வேலை இருப்பது காகிதத்தில்.

கப்பல்காரர் ஒருவர் ஊருக்கு வந்திருக்கிறார் என்று வையுங்கள். கான்ட்ராக்ட் ஓடும் மாதங்களில்தான் அவருக்குச் சம்பளம். இறங்கி வீட்டிலிருக்கும்போது கிடையாது. பேங்கின் பட்டியலோ கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்கும். கப்பல் பணியைப் பதியும் சிடிசி புத்தகத்தில் ஏறிய தேதியும் இறங்கிய தேதியும், பழைய கான்ட்ராக்டுகள், என்ஆர்இ கணக்கின் வரவு ஆகியவற்றை வருஷ வாரியாக அடுக்கினால்தான் இடையில் விழும் ஓட்டை ஓட்டையல்ல என்று தெரியும். அடுத்து பவர் பத்திரம். பதிவு நாளில் அவர் நடுக்கடலில் இருப்பார்; மனைவிதான் கையெழுத்துப் போட வேண்டும். கடன் வாங்க, பத்திரத்தை ஒப்படைக்க, எந்தப் பேங்கில், எந்தச் சொத்தின் மேல் என்பதெல்லாம் அந்தப் பவரில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு வரி விடுபட்டாலும் அவர் மறுபடி கரையேறும்வரை பைல் தூங்கும். அந்த வரிகளை அவர் கிளம்பும் முன்னே வக்கீலோடு உட்கார்ந்து சரிபார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. அதற்கு நான் கூலி கேட்கிறேன், கூச்சமில்லாமல்.

விசைப்படகுக்காரர் கதை வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. எங்கோ பைல் பார்க்கும் அதிகாரிக்கு, பேங்க் ஸ்டேட்மென்டில் அந்த இரண்டு மாதம் தொழில் நின்றுபோனதாகத் தெரியும். உப்பளக்காரருக்கு வடகிழக்குப் பருவமழை வந்தால் உற்பத்தியே கிடையாது. கடற்கரையைப் பார்த்திராதவருக்கு இதை ஒரு பக்கத்தில் விளக்கி, முந்திய வருஷங்களின் அதே மாதங்களையும் சேர்த்துக் காட்ட வேண்டும். வருமானத்தை ஏற்றிக் காட்டுவது வேறு, விளக்கிக் காட்டுவது வேறு. "ஐடிஆர் நானே ரெடி பண்ணித் தாரேன்" என்கிற ஏஜென்டிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மாட்டினால் கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் கனமானது மூலப்பத்திரம். தாத்தா சொத்து, வாரிசுகளில் ஒரு அத்தை மட்டும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் பேங்க் வக்கீல் அதைத் தாண்ட மாட்டார். மனையின் அங்கீகாரமும் அப்படித்தான். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது; 2017-இல் வந்த விதிகள், 20.10.2016-க்கு முந்திய மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த வழிவிட்டன. வாங்கும் மனை இதில் எந்தப் பக்கம் என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

இந்தக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், 1961 வரை, சிப்பியைத் திறக்காமலேயே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். முத்து இருந்தால் வாங்கியவர் அதிர்ஷ்டம். ஏஜென்டுக்கு முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கொடுப்பது அந்த ஏலம்தான். காகிதம் பார்க்க ஒரு சிறு தொகை, கடன் கைக்கு வந்த பிறகு மீதி என்று பேசிக்கொள்ளுங்கள். ஒரிஜினல் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். "பேங்க் உங்களுக்குக் கமிஷன் தருதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பேங்கோடு ஒப்பந்தம் உள்ளவருக்கு அது வரும். அவர் உங்களிடமும் வாங்கினால் இரண்டு பக்கக் கூலி. 2024 அக்டோபர் முதல் பேங்க் தர வேண்டிய முக்கிய விவர அறிக்கையில் கடனின் மொத்தச் செலவு ஒரே சதவீதமாக வருகிறது. ஏஜென்ட் கையில் நீங்கள் கொடுத்த பணம் அதில் ஏறாது. தனியே கூட்டிக்கொள்ள வேண்டும்.

கடன் முடிந்ததும் பத்திரத்தை மீட்டுத் தரக்கூடக் கட்டணம் கேட்பவர்கள் உண்டு. 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் தீர்ந்த 30 நாளுக்குள் பேங்கே திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குக் கட்ட வேண்டும். அந்த வேலைக்கு எனக்கும் பத்து பைசா தர வேண்டாம்.