ஆர் என்றால் ரிஷியூர்

சென்னையில் பெண்கள் கூடி நடத்திய சங்கங்களின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் 1912-ல் ஒரு பெயர் தட்டுப்படும்: சாரதா மகளிர் சங்கம். வீட்டை விட்டு வெளியே வந்து நாலு பேரோடு உட்கார்ந்து பேசவும், சொற்பொழிவு கேட்கவும், படிப்பின் பக்கம் திரும்பவும் பெண்களுக்கு ஓர் இடம். தொடங்கியவர் சகோதரி சுப்புலட்சுமி. முழுப்பெயர் ஆர்.எஸ். சுப்புலட்சுமி. எஸ் அப்பா சுப்பிரமணிய ஐயர். ஆர், நீடாமங்கலத்துப் பக்கம் இருக்கும் ரிஷியூர். தஞ்சாவூர்க்காரனுக்கு இது போதாதா? கிளம்பிவிட்டேன்.

நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பு. வெண்ணாறு அங்கேதான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிந்து கடைமடை நோக்கிப் போகிறது. அதைச் சுற்றிய வயல்காட்டு ஊர்களில் ஒன்று ரிஷியூர். டீக்கடையில் இருந்த பெரியவரிடம் சிஸ்டர் சுப்புலட்சுமி என்று பேச்சை எடுத்ததும், "சிஸ்டர்னா... கிறிஸ்தவங்களா தம்பி?" என்றார். இல்லை, பிராமணப் பெண்தான், சிறு வயதிலேயே கணவனை இழந்தவர் என்றேன். "அந்தக் காலத்துல அதெல்லாம் நிறைய" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுப்புலட்சுமி பிறந்தது 1886-ல், மயிலாப்பூரில். அப்பாவுக்கு வேலை சென்னையில். டெல்டாவில் நிலம் வைத்திருந்த பிராமணக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்து, உத்தியோகம் தேடிப் பட்டணம் போன காலம் அது. நெல் விளைவித்தவர்கள் ஒருபுறம் இருக்க, குத்தகை வாங்கியவர்கள் பி.ஏ. படித்தார்கள். ஊரை விட்டுப் போனாலும் ஊர் வழக்கம் விடவில்லை. பெண் குழந்தைக்குக் கல்யாணம் செய்தாக வேண்டும்; செய்தார்கள். கொஞ்ச நாளில் மாப்பிள்ளை இறந்துபோனார்.

அதற்கு மேல் நடப்பது எல்லா அக்ரகாரத்துக்கும் தெரிந்ததுதான். தலையை மழிப்பார்கள், நார்மடி கட்டுவார்கள், நல்ல காரியம் நடக்கும்போது கூடத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது. சமையலுக்கு மட்டும் அவள் கை வேண்டும். சுப்புலட்சுமியின் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருந்தார், அம்மாவின் தங்கை வாலாம்பாள். இளம் வயதில் விதவையானவர். சுப்புலட்சுமியின் தலையை மழிப்பதில்லை, படிக்க வைப்பது என்று வீடு முடிவெடுத்தது. 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர்தான் என்பார்கள்.

எழும்பூரில் அப்பாவின் வீட்டிலேயே நான்கு விதவைச் சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டுதான் சுப்புலட்சுமியின் விதவையர் இல்லம் தொடங்கியது. எனக்கு இங்கே கண்ணில் படுபவர் பட்டதாரியைவிட அவருடைய சித்தி வாலாம்பாள்தான். ஒரு குடும்பம் தன் விதவைப் பெண்ணைப் படிக்க அனுப்ப வேண்டும் என்றால் முதலில் கேட்கும் கேள்வி பாடத்தைப் பற்றியதா? அங்கே யார் சமைக்கிறார்கள், மடி ஆசாரம் உண்டா என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சித்தி. அடுக்களையும் சிறுமிகளும் அவர் பொறுப்பு. எந்த வழக்கம் அவரை அடுக்களையில் தள்ளியதோ, அந்த அடுக்களையைக் காட்டியே மற்றப் பெண்களை வெளியே கொண்டுவந்தார்கள்.

பள்ளி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அம்மையார் அரசாங்கத்தில் பேசி உதவினார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸை 1917-ல் அரசு வாங்க, விதவைகள் விடுதி கடற்கரைக்குப் போனது. அங்கே படித்தவர்கள் ஆசிரியைகளானார்கள். 1922-லிருந்து லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரியின் தலைமையும் சுப்புலட்சுமியிடம் வந்தது. அரசு ஊழியர் என்பதால், 1917-ல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தில் வெளிப்படையாக உறுப்பினராக அவரால் முடியவில்லை. ஆனாலும் குழந்தை மணத்துக்கு எதிராகப் பேசுவதை விடவில்லை.

ஐஸ் ஹவுஸ் பிராமண விதவைகளுக்கு மட்டும். இதைச் சொல்லாமல் நகர முடியாது. ரிஷியூர் வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கு அந்தக் கதவு திறந்திருக்கவில்லை. சமையலறையைக் காட்டி நம்பிக்கை வாங்கியதற்கு இது விலை. 1927-ல் சாரதா மகளிர் சங்கம் சாரதா வித்யாலயா பள்ளியைத் தொடங்கியது; 1938-ல் அதை ராமகிருஷ்ண மிஷன் ஏற்றுக்கொண்டது. தியாகராய நகரில் இன்றும் நடக்கிறது.

சித்தியைப் பற்றி இவ்வளவு தெரியவருவதற்கு மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1966-ல் எழுதிய வாழ்க்கை வரலாறு முக்கியமான காரணம். நம்மவர்கள் பட்டத்தையும் பதவியையும் எழுதுவார்கள். அடுக்களை யார் கையில் இருந்தது என்று கேட்பது அபூர்வம்.

ஓய்வு பெற்ற பிறகும் சுப்புலட்சுமி சும்மா இருக்கவில்லை. 1942-ல் மயிலாப்பூரில் வயதுவந்த பெண்களுக்கு ஸ்ரீவித்யா கலாநிலையம். 1954-ல், எழுபதை நெருங்கும்போது, கிராமத்துப் பெண்களுக்கென்று ஒரு சமூக நல மையம். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த கிராமம் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம். டெல்டாக்காரனாக எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் சொந்த ஊர் அக்ரகாரத்தில் அவரை எந்தத் திண்ணையில் உட்காரச் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தால், மாடம்பாக்கமே தேவலை.