பாம்போ கேட்ட கணக்கு

போன மாதம் பாண்டியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். முதல் நாள் டாக்டரம்மா கேட்டார்: "சார், தூரத்துல தெளிவா தெரியற லென்ஸ் வைக்கட்டுமா, கிட்டத்துலயா? ரெண்டுக்கும் சேர்ந்தாப்ல வேணும்னா விலை கூட ஆகும்."

நான் சிரித்துவிட்டேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன் இதே கேள்விக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டவன் நான். அப்போது அது கண்ணுக்கு இல்லை, துப்பாக்கிக்கு.

கண்டமங்கலத்தில் பழைய ஆட்களுக்கு நான் ஜாம்பியா போய் வந்தது தெரியும். 1982 முதல் 1986 வரை கிழக்கு மாகாணத்தில், சிபாட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார். அந்த நாளில் நம் பக்கத்திலிருந்து எத்தனையோ வாத்தியார்கள் ஜாம்பியா, எத்தியோப்பியா, நைஜீரியா என்று கிளம்பினார்கள். அங்கே சோப்புக்கும் சமையல் எண்ணெய்க்கும் நாங்கள் பட்ட பாடு தனிக்கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு பெரியவர் இருந்தார். நியாஞ்சா மொழியில் பெரியவர்களை 'பாம்போ' என்பார்கள், அப்பா, ஐயா என்ற மாதிரி. நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அறுபதை நெருங்கிய ஆள். லுவாங்வா பள்ளத்தாக்கில், தேசியப் பூங்காவுக்கு வெளியே, உரிமம் வாங்கி வேட்டைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வழிகாட்டி. சுடுவது வந்தவரின் வேலை. அவர் சுட்டது சரியாக விழாமல் காட்டெருமை புல்லுக்குள் போய்விட்டால் பின்னாலேயே போய் முடித்துவைப்பது பாம்போவின் வேலை. அறுநூறு, எழுநூறு கிலோ மிருகம். அடிபட்டால் ஓடிப்போகாது, ஒளிந்து நின்று திரும்பும்.

அவரிடம் இருந்தது .458 பிர்னோ. பழைய முதலாளி கொடுத்துவிட்டுப் போனது. காலேஜ் என்.சி.சி.யில் .303 சுட்டே தோள் வீங்கியவன் நான். இதன் உதை அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு கேட்லாக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். போன பருவத்தில் ஒரு எருமையைத் தவறவிட்டிருக்கிறார். தடம் பார்க்கிற பையன் தொடையில் கொம்பு ஏறிவிட்டது. பையன் பிழைத்துக்கொண்டான். "துப்பாக்கி மேல பின்னாடி இருக்கிற வெட்டு எனக்குப் பஞ்சு மாதிரி தெரியுது டீச்சர். முன் குமிழைப் பார்த்தா மிருகம் மங்குது, மிருகத்தைப் பார்த்தா குமிழ் மங்குது. முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்."

அது நோயே இல்லை, வயசு. இரும்புக் குறியில் பின்வெட்டு, முன்குமிழ், இலக்கு என்று மூன்று தூரத்தை ஒரே கண் பார்க்கவேண்டும். நாற்பதைத் தாண்டினால் கண்ணின் லென்ஸ் இறுகிப்போகிறது, அத்தனையையும் சமாளிக்காது. டெலஸ்கோப்பில் குறுக்குக்கோடும் இலக்கும் ஒரே தளத்தில் தெரியும். ஒன்றைப் பார்த்தால் போதும். வேட்டைக்கு வந்த ஒருவர் அவருக்கு ஒரு டெலஸ்கோப் அனுப்புவதாகச் சொல்லி, கேட்லாக்கில் பிடித்ததைக் குறிக்கச் சொல்லியிருந்தார். மற்ற வழிகாட்டிகள் எல்லாரும் '3–9, 40' தான் ராஜா என்று சொல்லிவிட்டார்களாம்.

நானும் அதைத்தான் சொன்னேன். மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர், வெளிச்சம் அதிகம். புத்தகம் படித்த திமிர். பாம்போ கேட்டார்: "பத்து தப்படியில புல்லை விலக்கிட்டு வந்தா இதுல எனக்கு என்ன தெரியும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் போனபிறகு அரிக்கேன் விளக்கில் உட்கார்ந்தேன். என் மனைவி, "ஜீவனைக் கொல்றதுக்கா கணக்குப் போடறீங்க?" என்றாள். அரைகுறையாக அடித்து விடுவதைவிட இது மேல் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றுவரை.

கேட்லாக் கணக்குப்படி மூன்று மடங்கில் நூறு கஜத்தில் சுமார் 33 அடி அகலம் தெரியும். அப்படியானால் பத்து கஜத்தில் மூன்றே கால் அடி. எருமையின் தோள்பட்டை உயரமே ஐந்தடி. வட்டம் முழுக்கக் கறுப்புத் தோல்தான் இருக்கும். எது தலை, எது வயிறு? இன்னொரு பக்கத்தில் '1.5–5, 20' என்று ஒன்று, பார்க்கச் சோனியாக, முன்பக்கம் புடைப்பே இல்லாத நேர்க்குழாய். அதில் 66 அடி. பத்து கஜத்தில் ஆறரை அடி.

மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கறுப்புக் கம்பளியைக் கொடியில் தொங்கவிட்டேன். சார்ட் பேப்பரைச் சுருட்டி இரண்டு அங்குல வாய், பதினெட்டு அங்குல நீளம் என்று ஒரு குழாய். அதே வாயில் ஒன்பது அங்குலத்தில் இன்னொன்று. முதலாவது மூன்று மடங்குக்குச் சமம், அடுத்தது ஒன்றரைக்கு. பாம்போ கம்பளிக்கு முதுகைக் காட்டி நின்று, நான் கைதட்டியதும் திரும்பவேண்டும். நீளக் குழாயில் மனிதர் கம்பளியைத் தேடு தேடு என்று தேடினார். கிடைத்தபின்னும் ஓரம் தெரியவில்லை. குட்டைக் குழாயில் திரும்பியதுமே, "இருக்கு" என்றார்.

மாணவர்களுக்கு அன்றைக்கு ஒளியியல் பாடம் இலவசம்.

வெளிச்சம்? முன்கண்ணாடி அகலத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம். 20-ஐ நான்கால் வகுத்தால் 5 மில்லிமீட்டர். வயசானவர்களின் கண்பாப்பா இருட்டிலும் அதற்குமேல் பெரிதாக விரியாது. 40 மில்லிமீட்டர் கண்ணாடிக்குக் கொடுக்கிற காசில் பாதி அவர் கண்ணுக்குள் போகவே போகாது. புடைப்பு இல்லாததால் குழாயைத் தாழ்த்தி, முன்தள்ளி மாட்டலாம். புல்லுக்குள் போகும்போது கையால் கழற்றுகிற பிடிகளாகப் பார்த்து எழுதச் சொன்னேன், கண்ணாடியில் மழைத்துளி விழுந்தால் பழைய இரும்புக் குறியாவது மிஞ்சுமே.

இங்கே நம் ஊரில் 1972 சட்டத்தோடு வேட்டை முடிந்தது. அதற்கு முன் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் அலைந்த கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டரை வைத்துக்கொண்டு இரும்புக் குறியிலேயே காரியத்தை முடித்தவர். அந்தக் கண் எல்லாருக்கும் வாய்க்குமா?

டெலஸ்கோப் வர ஐந்து மாதம் ஆனது. இரண்டு வாரம் கழித்துப் பாம்போ வந்தார், வலது புருவத்துக்கு மேல் பிறைபோல ஒரு வெட்டுடன். கண்ணுக்கும் குழாய்க்கும் மூன்றரை அங்குலம் இடைவெளி என்று நின்று பார்த்துத்தான் அளந்திருந்தேன். படுத்துச் சுட்டால் தலை தானாக முன்னால் போகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். "படுத்துச் சுட்டது என் தப்பு. எருமை படுக்க விடுமா?" என்று சிரித்தார். குழாயை இன்னும் அரை அங்குலம் முன்னால் நகர்த்தினோம். அதற்குப்பிறகு மூன்று பருவம் வேலை பார்த்தார். பையன்கள் யாருக்கும் கீறல் இல்லை.

டாக்டரம்மாவிடம் தூரத்து லென்ஸே போதும் என்றேன். இப்போது ரயில்வே கேட்டிலிருந்து ஸ்டேஷன் போர்டைப் படிக்கிறேன். பேப்பருக்கு மட்டும் கண்ணாடி.

நான் ஊர் திரும்பிய அடுத்த வருஷம் ஒரு கடிதம் வந்தது, பேரனை விட்டு எழுதியது. துப்பாக்கியை விற்றுவிட்டாராம். டெலஸ்கோப்பை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டாராம், சாயங்காலம் ஆற்றுக்கு அக்கரையில் யானை தண்ணீர் குடிக்க வருவதைப் பார்க்க.