ஒரே கோடு, இரண்டு வேலை

 

தங்கை மகள் லீவுக்கு வந்திருந்தாள். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு, மூன்றாம் வருஷம். இரண்டு நாளாக லேப்டாப்பை முறைத்துக்கொண்டே இருந்தவள், மூன்றாம் நாள் "பெரியம்மா, எனக்கு மூளையே இல்ல போல" என்றாள். பிள்ளைகள் வாயிலிருந்து இந்தப் பேச்சை எத்தனையோ முறை கேட்டவள் நான். அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஹாஸ்கல் என்று ஒரு நிரல்மொழி. ஹாஸ்கல் கறி என்ற அமெரிக்கத் தர்க்க அறிஞரின் பெயராம். (கறி என்றதும் சிரித்துவிட்டேன்.) எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் வாட்ஸ்அப்பும் இந்த ஃபேஸ்புக்கும்தான். "நீ டீச்சர், நான் பிள்ளை, நடத்து" என்றேன்.

[5] என்று எழுதினாள். 5 என்கிற ஒரே எண் உள்ள பட்டியல். சரி. அடுத்து [இன்ட்]. இன்ட் என்றால் முழு எண். அப்படியானால் ஒரே ஒரு முழு எண் உள்ள பட்டியல்தானே என்றேன். "நானும் அப்படித்தான் நெனச்சேன்!" என்று துள்ளினாள். இல்லையாம். அது பட்டியலின் இனத்தைச் சொல்வது. உள்ளே நூறு எண் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

(5, 7) என்ற சோடியின் இனத்தையும் இதே மாதிரி (இன்ட், இன்ட்) என்றுதான் எழுதுகிறார்கள். அதில் நான் தடுமாறவில்லை. இரண்டுக்கு இரண்டு சரியாக நிற்கிறது. ஒரு குறிக்கு இரண்டு வேலை கொடுத்தால் பரவாயில்லை. தப்பான அர்த்தமும் பொருத்தமாகத் தெரிகிற இடத்தில்தான் பிள்ளை விழுகிறது.

அடுத்து வந்ததுதான் எனக்கு உறைத்தது. (+ 3) என்றால் 'எதைக் கொடுத்தாலும் மூன்றைக் கூட்டு'. அப்போ (- 3)? 'மூன்றைக் கழி' என்றேன். தப்பு. அது மைனஸ் மூன்று என்ற எண்ணாம். கழிக்கச் சொல்ல 'சப்ட்ராக்ட்' என்று வார்த்தையாகவே எழுத வேண்டுமாம். எண்ணின் குறியை நீக்கித் தரும் 'ஆப்ஸ்' என்பதற்குப் பக்கத்தில் -5 என்று போட்டால், ஆப்ஸிலிருந்து ஐந்தைக் கழிக்கப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் சண்டைக்கு வருகிறது. அடைப்புக்குள் (-5) என்று போட்டால்தான் அடங்கும்.

"பழகினவங்களுக்கு இடம் பார்த்துப் புரிஞ்சிரும்னு எங்க சார் சொல்றார்" என்றாள். ஆசிரியர் பயிற்சியில் எங்கள் தமிழ் ஐயா சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் எகரக் குறிலுக்குப் புள்ளி, நெடிலுக்குப் புள்ளி கிடையாது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று விட்டுவிடுவார்கள். குறிலா நெடிலா என்று படிப்பவரே இடம் பார்த்துக் கண்டுகொள்ள வேண்டும். வீரமாமுனிவர் வந்துதான் இரண்டையும் வேறு வேறு வடிவமாக்கினார். புலவருக்கு இடம் தெரியும். புதிதாகப் படிக்க வந்த வெளிநாட்டுக்காரருக்கல்லவா வலி தெரிந்திருக்கும்!

ஓகேமல் என்று இன்னொரு மொழியில் முழு எண்ணைக் கூட்ட வெறும் +, தசம எண்ணைக் கூட்ட + பக்கத்தில் ஒரு புள்ளியாம். அங்கேயும் புள்ளி! எழுதுகிறவர்களுக்கு அது தொல்லையாம். இருக்கட்டுமே.

ஒரு தாளில் அவள் பாடத்தை எழுதச் சொன்னேன். இரட்டை முக்காற்புள்ளிக்கு (::) வலப்பக்கம் வருவது இனம், அது சிவப்பு மை. மற்றதெல்லாம் நீலம். சாயங்காலத்துக்குள் பட்டியல் குழப்பம் தீர்ந்தது. கோட்டுக்கு மட்டும் மை உதவவில்லை. அதை நேராகச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பல வருஷம் முன்பு, ஏழாம் வகுப்பு. கரும்பலகையில் 7 − (−3) எழுதியிருந்தேன். இரண்டாம் பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், முதல் கோடு கழிக்கச் சொல்லுது. ரெண்டாவது கோடு என்ன சொல்லுது?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அவன் கிண்டல் செய்கிறான் என்று நினைத்து, பாடம் முடியும்வரை நிற்க வைத்தேன். மைனஸும் மைனஸும் பிளஸ், மனப்பாடம் பண்ணு என்றேன். அந்த வருஷம் முழுக்க அவன் அப்புறம் கையே தூக்கவில்லை.

தம்பி, இந்தப் பக்கத்தில் நீயும் இருக்கிறாயா என்று தெரியாது. அந்த இரண்டு கோடும் ஒன்றல்லப்பா. முதலாவது கழிக்கச் சொல்கிறது. இரண்டாவது மூன்றோடு ஒட்டிய அதன் பெயர். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். இதைப் படித்தால் ஒரு போன் பண்ணு.