மாமா வீட்டுப் பெருவிடையும் முப்பது நாள் தனிக்கூண்டும்

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில், மலை ஏறுவதற்கு முன்னால் வருகிற ஊர் எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டி. முக்கால் ஏக்கர் நிலம், இரண்டு கறவை மாடு, கொல்லையில் சிறுவிடைக் கோழிகள். இதுதான் எங்கள் பிழைப்பு. நிலமும் மாடும் வீட்டுக்காரர் கணக்கு. கோழி என் கணக்கு. மகளுக்கு நோட்டு, புத்தகம், பஸ் செலவு எல்லாம் முட்டைக் காசில்தான் ஓடுகிறது.

'புதுசாக வாங்கிய கோழியை ஏற்கெனவே இருக்கிற கோழிகளோடு எப்போது சேர்க்கலாம்?' என்று கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுகிறவர்கள் உண்டு. நான் பட்ட பாட்டையே அதற்குப் பதிலாக எழுதுகிறேன்.

ஒரு கோழியால் போன பதின்மூன்று

ஆறு வருடத்துக்கு முன்னால் சந்தையில் ஒரு பெட்டைக்கோழி வாங்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலமே மற்ற கோழிகளோடு கூண்டில் விட்டேன். ஐந்தாம் நாள் அது இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்றது. எச்சம் வெள்ளையும் பச்சையுமாகப் போனது. அடுத்த வாரம் என் கோழிகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப்போட்டன. சிலதுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. இரண்டே வாரத்தில் பதினாறில் மிஞ்சியது மூன்று. அந்த மூன்றில் ஒன்றுதான் எங்கள் கருப்பி.

கால்நடை மருந்தக டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "வெள்ளைக்கழிச்சல்மா. தடுப்பூசி போட்டிருந்தீங்களா?" என்றார். போடவில்லை. "புதுக்கோழியைத் தனியா வெச்சிருந்தீங்களா?" வைக்கவில்லை. தப்பு என்மேல்தான்.

"நாமக்கல்ல பெரிய பண்ணைக்குப் போய்ப் பாருங்க. லாரி டயரைக்கூட மருந்துத் தண்ணியில நனைச்சுத்தான் உள்ளே விடுவாங்க. லட்சம் கோழிக்கு இருக்கிற பயம் பத்துக் கோழிக்கும் இருக்கணும்" என்று அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

மாமா கொடுத்த மூன்று

போன தை மாதம் சின்ன மாமனார் வீட்டுக்கு வந்தார். முப்பது வருடமாகப் பெருவிடை வளர்த்தவர். ஒரு காலத்தில் சேவல் கட்டுக்கும் போயிருக்கிறார். விலங்குகளை மோத விடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று மகன் எடுத்துச் சொன்ன பிறகு அதை விட்டுவிட்டார். வளர்ப்பை மட்டும் விடவில்லை. இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டு மாடியோடு போய்ச் சேருகிறார். சேவல்களைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. மூன்று பெட்டை மட்டும் மிச்சம்.

"கறிக்குக் குடுக்க மனசு வரல கண்ணு. நீ வெச்சுக்க" என்றார்.

"மாமா, நம்மகிட்ட இருக்கிறது எல்லாம் சிறுவிடை. உங்க கோழி ஒரு உதை விட்டா தாங்காதுங்க" என்றேன். அவர் பதில் பேசவில்லை. கூடையின் வாயைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். வாங்கிக்கொண்டேன்.

ஒன்று செவலை, ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். நிமிர்ந்த கழுத்து, தலையோடு ஒட்டிய சின்னக் கொண்டை, தடித்த கால். ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோ இருக்கும். என் கருப்பி ஒன்றேகால் கிலோகூட வராது.

இந்தத் தடவை கிணற்றடியில் தென்னை ஓலை வேய்ந்து தனிக்கூண்டு போட்டேன். பழைய கூண்டுக்கும் அதற்கும் நாற்பது அடி தூரம். தண்ணீர்ச் சட்டி தனி, தீவனத் தட்டு தனி, அந்தப் பக்கம் போக ஒரு செருப்பும் தனி. காலையில் முதலில் பழைய கோழிகளுக்குத் தீவனம். அதற்கு அப்புறம்தான் புதுக்கோழி. வரிசையை மாற்றினால் நோயை நாமே கையிலும் காலிலும் சுமந்துகொண்டு போகிறோம்.

மூன்றாம் நாள் சாம்பல் கோழியின் எச்சத்தில் புழு தெரிந்தது. இறக்கையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பேன். டாக்டரிடம் கேட்டு மூன்றுக்கும் குடற்புழு மருந்து கொடுத்தேன். மண், அடுப்புச் சாம்பல், காய்ந்த வேப்பிலைத் தூள் மூன்றையும் கலந்து ஒரு தொட்டியில் கொட்டி வைத்தேன். அவையே புரண்டு குளித்துக்கொண்டன. ஒரு வாரம் கழித்துக் கழிச்சல் தடுப்பூசி. பழைய கோழிகளுக்கும் அன்றைக்கே போட்டாகிவிட்டது. ஊசி போட்ட உடனே பலன் வராது, இரண்டு வாரமாவது ஆகும் என்றார் டாக்டர்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்காரர், "நல்லாத்தானே மேயுது, விட்டுட வேண்டியதுதானே? ரெண்டு இடத்துல கூட்டிப் பெருக்குற வேலை எதுக்கு?" என்றார். சந்தைக்கோழியும் ஐந்தாம் நாள்வரை நன்றாகத்தான் மேய்ந்தது. முப்பது நாள் முடிகிற வரைக்கும் நான் திறக்கவில்லை.

கருப்பி பட்ட அடி

நோய்ப் பயம் தீர்ந்தது. அடுத்தது சண்டைப் பயம். கோழிக்கூட்டத்தில் யார் முதலில் கொத்துவது, யார் ஒதுங்குவது என்று ஒரு வரிசை உண்டு. நம் பாட்டிமார் கொல்லையில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். அதையே நூறு வருடத்துக்கு முன்னால் நார்வே நாட்டு ஆய்வாளர் ஒருவர் கோழிகளை உட்கார்ந்து கவனித்து எழுதிவைத்திருக்கிறார். புதிதாக ஒரு கோழி வந்தால் அந்த வரிசை கலைகிறது. அதனால்தான் சண்டை.

'ராத்திரி இருட்டில் கூண்டுக்குள் விட்டுவிடு, காலையில் ஒன்றாகிவிடும்' என்பார்கள். சிறுவிடைக்கு அது சரிப்படலாம். பெருவிடைக்கு நான் சொல்ல மாட்டேன். விடிந்ததும் மூடின கூண்டுக்குள் உதை விழுந்தால் தோற்ற கோழி ஓட வழி இருக்காது.

நான் தனிக்கூண்டைப் பழைய கூண்டை ஒட்டி நகர்த்தினேன். நடுவில் கம்பிவலை. வலையின் இரண்டு பக்கமும் தீவனத் தட்டு. பத்து நாள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே தின்றன. பதினொன்றாம் நாள், அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொல்லையில் திறந்துவிட்டேன். தீவனம் நான்கு இடத்தில், தண்ணீர் மூன்று இடத்தில். ஒளிந்துகொள்ள விறகுக்கட்டும் பழைய கட்டிலும் சாய்த்து வைத்தேன்.

வெள்ளையும் சாம்பலும் மண்ணைக் கிளறப் போய்விட்டன. கருப்பி நேராகச் செவலை முன்னால் போய்க் கழுத்து மயிரைச் சிலிர்த்தாள். அவள்தான் ஆறு வருடமாக மூத்தவள். ஒரே உதை. மற்ற கோழியாக இருந்தால் எதிரி ஓடியதும் விட்டுவிடும். செவலை விடவில்லை, துரத்தித் துரத்திக் கொத்தியது. நான் போய்ப் பிடிப்பதற்குள் கருப்பியின் கொண்டை கிழிந்து ரத்தம். ரத்தத்தைப் பார்த்தால் மற்ற கோழிகளும் வந்து கொத்தும். உடனே தூக்கிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினேன். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து செவலையைத்தான் பிரித்தேன். வெள்ளையையும் சாம்பலையும் கூட்டத்தோடு பழக விட்டேன். ஒரு வாரத்தில் வரிசை அமைந்துவிட்டது. அதற்குப் பிறகு செவலையைக் கடைசியாக விட்டேன். இப்போது அதுதான் தனி ஆள். முன்போல மிரட்டவில்லை. ஆனால் கருப்பியைக் கண்டால் மட்டும் இன்றைக்கும் ஆகாது. காலைத் தீவன நேரத்தில் செவலைக்குப் பஞ்சாரம்தான். எல்லாக் கோழியும் ஒத்துப்போகும் என்று நான் எழுதினால் அது பொய்.

சித்திரையில் செவலை அடைக்கு வந்தது. ஒன்பது சிறுவிடை முட்டை வைத்தேன். இருபத்தோராம் நாள் எட்டுக் குஞ்சு. ஒரு மத்தியானம் பருந்து தாழ இறங்கியபோது குஞ்சுகளை வயிற்றுக்கடியில் விட்டுவிட்டு ஆளுயரம் எம்பியது. பருந்து திரும்பி வரவில்லை. குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் கழிச்சல் சொட்டு மருந்து விட்டாகிவிட்டது. எட்டு வாரத்தில் ஊசி. பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறை நடத்துகிற இலவச முகாமையும் விடுவதில்லை.

பெருவிடை இரத்தம் கலக்காமல் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய சேவலோடு இருந்த பெட்டைக்கு அந்தச் சேவலின் கரு இரண்டு மூன்று வாரம்கூடத் தங்கும். அதனால் சேவல் மாறின மூன்று வாரம் கழித்து இடுகிற முட்டையைத்தான் அடைக்கு எடுக்க வேண்டும்.

போன வாரம் மாமா போன் செய்தார். "சண்டை போடுதுகளா கண்ணு?" என்றார். "செவலை மட்டும்தாங்க மாமா. மத்தது ரெண்டும் நம்ம கோழியாயிடுச்சு" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அது அப்படித்தான். அதோட ஆத்தாளும் அப்படித்தான்" என்று சிரித்தார்.

கருப்பி இப்போது முதல் ஆள் இல்லை. தட்டுக்கு நான்காவதாகத்தான் வருகிறாள். காலையில் வாசல்படியில் அவளுக்கு மட்டும் ஒரு கைப்பிடி கம்பு போடுகிறேன். தின்றுவிட்டுத்தான் கொல்லைக்குப் போகிறாள்.